சரியாக வந்த கணக்கு

பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கையை முன்கூட்டிக் கணிப்பது என் வேலை. அதை வைத்துத்தான் பணிநிரவல், அதாவது உபரி ஆசிரியர்களை வேறு பள்ளிகளுக்கு மாற்றுவது, நடக்கும். அந்தப் பட்டியலில் கையெழுத்தான மறுநாள்தான் அந்தத் தலைமையாசிரியை வந்தார். ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். ஒன்றும் செய்திருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது.

கோபமாகப் பேசவில்லை. உட்கார்ந்ததும் கேட்டார்.

"104 எங்கிருந்து சார் வந்தது?"

கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினேன். கடைசி மூன்று வருட மாணவர் எண்ணிக்கை: 131, 124, 117. "இப்படியே போனா இன்னும் ரெண்டு வருஷத்துல 104 மேடம். அதுக்கு நாலு ஆசிரியர் போதும். உங்ககிட்ட ஆறு பேர் இருக்காங்க. ரெண்டு பேர் உபரி."

"ரெண்டு பேரை எடுத்துட்டா அப்புறம் எப்படி சார் இப்படியே போகும்?"

"அதுக்குக் கணக்குல இடமில்லை மேடம்."

அவ்வளவுதான் பேச்சு. தலையை ஆட்டிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான்கு வருடமாகிறது.

நான் அலட்சியமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே இடமில்லை. இந்த வருடம் முதல் வகுப்பில் இருப்பவர்களில் எத்தனை பேர் இரண்டாம் வகுப்புக்குப் போவார்கள், எத்தனை பேர் அதே வகுப்பில் தங்குவார்கள், எத்தனை பேர் நின்றுவிடுவார்கள் என்று மூன்று விகிதங்கள். அவற்றை முந்தைய வருடங்களிலிருந்து எடுத்து, இனியும் அப்படியே நடக்கும் என்று வைத்துக்கொண்டு பெருக்கிக்கொண்டே போகிறோம். நாளைக்கு நாமே செய்யப்போகும் காரியம் பழைய வருடங்களில் எப்படி இருக்கும்? இதைத்தான் சொல்ல வந்தேன். அவர் காதில் 'உங்கள் பேச்சுக்கு இங்கே இடமில்லை' என்று விழுந்திருக்கும்.

இன்னொன்றையும் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. பத்து லட்சம் பிள்ளைகளுக்குப் பொருந்தும் இந்த முறை 117 பிள்ளைகளுக்கு அத்தனை நம்பகமானதல்ல. மூன்று குழந்தைகள் உள்ள ஒரு குடும்பம் வீடு மாறினாலே விகிதம் ஆடிப்போகும். இது எனக்குத் தெரியும், எங்கள் பிரிவில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பள்ளிவாரியாகத்தான் பட்டியல் கேட்கிறார்கள்.

திட்டமே வேண்டாம் என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ஆறு வயதில் பள்ளிக்கு வரப்போகும் குழந்தை, அடுத்த ஐந்து வருடத்துக்கு வேண்டிய கணக்கைப் பொறுத்தவரை, ஏற்கனவே பிறந்தாகிவிட்டது. எந்த ஆசிரியர் எந்த மாதம் ஓய்வு பெறுவார் என்பதும் தெரியும். புதிதாக ஒருவரைப் பயிற்சி கொடுத்துத் தயார் செய்ய வருடங்கள் ஆகும். இதையெல்லாம் முன்கூட்டிப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கண்முன்னே உதாரணங்கள் உண்டு. ஆப்பிரிக்க நாடான மலாவி 1994-இல் தொடக்கக் கல்விக் கட்டணத்தை ரத்து செய்தது. சுமார் 19 லட்சமாக இருந்த மாணவர் எண்ணிக்கை ஒரே வருடத்தில் 30 லட்சத்தை நெருங்கியது. வகுப்பறை போதவில்லை, முறையான பயிற்சி இல்லாத ஆயிரக்கணக்கானோரை அவசரமாக ஆசிரியர்களாக எடுத்தார்கள். பணத் தட்டுப்பாடு மட்டும் காரணமில்லை, பணக்கார இடத்திலும் இப்படி நடந்திருக்கிறது. 1996-இல் கலிஃபோர்னியா, ஆரம்ப வகுப்புகளில் வகுப்புக்கு 20 பிள்ளைகளுக்குள் வைத்துக்கொள்ளும் பள்ளிகளுக்குக் கூடுதல் பணம் என்று அறிவித்து, சில வாரங்களிலேயே தொடங்கிவிட்டது. குறை சொல்ல முடியாத நோக்கம். ஆனால் அத்தனை ஆசிரியர்களுக்கு எங்கே போவது? முழுத் தகுதி பெறாதவர்கள் நிறையப் பேர் உள்ளே வந்தார்கள். வசதியான பகுதிகளில் புதிதாக இடங்கள் திறக்க, ஏழைப் பகுதிப் பள்ளிகளில் இருந்த அனுபவசாலிகள் பலர் அங்கே போய்விட்டார்கள்.

இந்தக் கதைகளைப் புதிதாக வருபவர்களுக்கு நானே பாடமாகச் சொல்வேன். அந்த அம்மாவின் கேள்விக்கு இவை பதில் இல்லை என்பது ரொம்ப நாள் எனக்கு உறைக்கவில்லை. அவர் திட்டமிடாதே என்று சொல்லவில்லையே. உன் திட்டத்தையும் கணக்கில் சேர் என்றார்.

அந்த இரண்டு ஆசிரியர்களும் வீணாகவும் போகவில்லை. கிட்டத்தட்ட அதே அளவு பிள்ளைகளை இரண்டே ஆசிரியர்கள் சமாளித்துக்கொண்டிருந்த ஒரு பள்ளிக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே வருகைப் பதிவு மேலே ஏறியது, மாதாந்திர அறிக்கையில் பார்த்தேன். மனது சரியில்லாதபோது அந்த அறிக்கையைத்தான் நினைத்துக்கொள்வேன். எங்கிருந்தாவது எடுத்துத்தானே அங்கே கொடுக்க முடியும்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வருடம் கழித்து அவர் பள்ளியின் எண்ணிக்கை 102. ஆய்வுக் கூட்டத்தில், மதிப்பீட்டுக்கும் நிஜத்துக்கும் இரண்டே பிள்ளைகள்தான் வித்தியாசம் என்று என் கணக்கை எடுத்துக்காட்டாகச் சொன்னார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். சாயங்காலம் நாற்காலியை விட்டு எழும்போதுதான் அந்தக் கேள்வி திரும்ப வந்தது. 102 ஆனது நான் சரியாகக் கணித்ததாலா, அல்லது நான் கணித்ததாலா?

நான்கு பேரை வைத்து ஐந்து வகுப்புகளை நடத்தவேண்டி வந்தபோது ஒன்றாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் ஒரே அறையில் உட்காரவைத்தார்கள். முதன்முதலாகப் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் எட்டிப் பார்க்கும் அறை அது. பார்த்துவிட்டு அடுத்த பள்ளிக்குப் போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம். ஏற்கனவே வருடத்துக்கு ஏழு ஏழாகக் குறைந்துகொண்டிருந்த பள்ளிதானே.

யாரையும் கேட்காமல் ஒரு வேலை செய்தேன். அந்த இரண்டு வருடங்களில் படிப்பு முடியும் முன்பே பள்ளியை விட்டுப் போனவர்களின் மாற்றுச் சான்றிதழ் விவரங்களை வரவழைத்துப் பார்த்தேன். காரணம் என்ற இடத்தில் எல்லாவற்றிலும் 'பெற்றோர் விருப்பம்'. எழுத்தரை விசாரித்தால், "வழக்கமா அப்படித்தான் சார் எழுதுவோம்" என்றார். அதோடு அந்த வழியும் அடைபட்டது.

அந்த அம்மா ஓய்வு பெற்றுவிட்டார் என்று கேள்வி. போய்ப் பார்த்து என்ன சொல்வது? நீங்கள் சொன்னது சரி என்று சொல்லவும் என்னிடம் ஆதாரம் இல்லை.

இந்த வருடப் பட்டியலுக்கு, உபரி என்று வரும் ஒவ்வொரு பள்ளிக்கும் இரண்டு எண்கள் போட்டேன். ஆசிரியர்களை எடுக்காவிட்டால் ஒன்று, எடுத்தால் ஒன்று. இரண்டாவது எண்ணுக்கு வலுவான அடிப்படை கிடையாது. பழைய பணிநிரவல்களுக்குப் பிறகு என்ன ஆனது என்று பார்த்து நானாக வைத்த ஒரு ஊகம். கோப்பைப் புரட்டிய மேலதிகாரி, "இதுல எதைப் போடறது?" என்றார். படிவத்தில் ஒரு எண்ணுக்குத்தான் கட்டம் இருக்கிறது. அவர் கேட்டதிலும் தப்பில்லை.

இரண்டாவது எண்ணை அழித்துவிட்டு, வழக்கம்போல் அனுப்பிவைத்தேன்.