வெயிலும் குளிரும் என் ட்ரை வெயிட்டும்

டயாலிசிஸில் இருப்பவர்களுக்குப் பருவம் மாறுவது சின்ன விஷயமில்லை. கோடையிலும் குளிரிலும் என் உடம்பு பட்ட பாட்டை எழுதுகிறேன். புதிதாகத் தொடங்கியவர்களுக்கு உதவும்.

எனக்கு வாரம் 3 முறை, ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம். சிறுநீர் மிகக் குறைவு என்பதால் இடைப்பட்ட நாட்களில் குடிப்பதில் பெரும்பகுதி உடம்பிலேயே தங்கும். மெஷின் எவ்வளவு நீரை எடுக்க வேண்டும் என்பதை ட்ரை வெயிட்டை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். அதிகப்படி நீர் இல்லாதபோது உடம்பு இருக்கவேண்டிய எடை அது.

கோடையில் முதலில் மாறியது பிபி. வெயிலுக்குத் தோலிலுள்ள ரத்தக்குழாய்கள் விரியும், வியர்வையில் நீரும் உப்பும் போகும், பிபி இறங்கும். குளிர்காலத்தில் சரியாக இருந்த அதே மாத்திரை அப்போது அதிகமாகிவிட்டது. டயாலிசிஸின் கடைசி ஒரு மணி நேரத்தில் தலைசுற்றல், கெண்டைக்காலில் பிடிப்பு. டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். மெஷினில் ஓடும் திரவத்தின் வெப்பநிலையையும் 37 டிகிரியிலிருந்து 36க்கு இறக்கச் சொன்னார். திரவம் கொஞ்சம் குளிர்ந்திருந்தால் ரத்தக்குழாய்கள் சுருங்கி பிபி விழாமல் தாங்கும். எனக்குப் பலன் நன்றாகவே தெரிந்தது. குளிரும்தான், போர்வை போர்த்திக்கொள்ளலாம். ஆனால் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) உள்ள கை மட்டும் வெளியே தெரிய வேண்டும். ஊசி நழுவி ரத்தம் கசிந்தால் உடனே கண்ணில் படவேண்டும் அல்லவா?

தாகத்தைப் பொறுத்தவரை, உப்பைக் குறைத்த பிறகுதான் அது அடங்கியது. ஐஸ் கட்டி வாயில் வைத்துக்கொள்வேன். அதுவும் தண்ணீர்க் கணக்கில்தான் சேரும்.

குளிர் தொடங்கியபோது வேறு சிக்கல். வியர்வை நின்றது, பிபி ஏறியது. டயாலிசிஸ் முடிந்து எடை பார்த்தால் வழக்கமான ட்ரை வெயிட்தான். ஆனால் கணுக்கால் வீங்கியிருந்தது, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டியது. கோடை முழுக்கப் பசியில்லாமல் என் உடம்பில் சதை குறைந்திருக்கிறது, அந்த இடத்தை நீர் பிடித்துக்கொண்டதால்தான் தராசில் எண் மாறவில்லை என்று டாக்டர் விளக்கினார். ட்ரை வெயிட்டை ஒரேயடியாக இல்லாமல் அரைக் கிலோ அரைக் கிலோவாக இறக்கினார்கள். வீக்கம் வடிந்தது, மூச்சு சீரானது, பிபியும் இறங்கியது. பிபி ஏறினால் மாத்திரையைக் கூட்டும் முன் ட்ரை வெயிட்டைச் சரிபார்க்கச் சொல்லிக் கேளுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிவருகிறேன்.

டயாலிசிஸ் வரை போகாத, சிறுநீரகம் ஓரளவு வேலைசெய்யும் நண்பர்களுக்கும் ஒன்று. கடும் வெயிலில் வாந்தி, பேதி வந்து உடம்பு வறண்டால், நீர் மாத்திரையையும் (சிறுநீரை அதிகம் போகவைப்பது) பிபி மாத்திரையையும் தொடரலாமா என்று அன்றைக்கே டாக்டரிடம் கேளுங்கள். ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் வேண்டவே வேண்டாம். மிச்சமிருக்கும் செயல்பாடும் திடீரென விழலாம்.

இப்போதெல்லாம் பருவம் மாறும் வாரங்களில் காலை பிபி, எடை, கால் வீக்கம் மூன்றையும் குறித்துவைத்து, ட்ரை வெயிட்டை மறுபடி பார்க்கச் சொல்லி நானே டாக்டரிடம் கேட்டுவிடுகிறேன்.