மெழுகு படிந்த கடிதங்கள்

2004 மார்ச் 11 காலை மாட்ரிட்டில் நான்கு புறநகர் ரயில்களில் பத்துக் குண்டுகள் வெடித்தன. அடுத்தடுத்த நாட்களில் அத்தோச்சா, எல் போசோ, சாந்தா எவுஹேனியா நிலையங்களில் மெழுகுவர்த்திகளும் பூக்களும் கடிதங்களும் குவிந்தன. ஜூனில் அவற்றை அகற்றினார்கள். தினமும் அந்தச் சூட்டுக்கும் புகைக்கும் துக்கத்துக்கும் நடுவே வேலை பார்த்த ஊழியர்களே அதைக் கேட்டார்கள். அது நியாயமான கோரிக்கைதான். ஸ்பெயினின் சிஎஸ்ஐசி ஆராய்ச்சி மன்றத்து மானிடவியலாளர்கள் 'துக்க ஆவணகம்' என்ற திட்டத்தில் 6,000க்கு மேற்பட்ட காகிதங்களைத் தொகுத்தார்கள். அவை பின்னர் ரயில்வே வரலாற்று ஆவணகத்துக்குப் போயின.

இப்படிப்பட்ட குவியலில் எதையும் தொடும் முன் படம் எடுக்க வேண்டும். முதலில் முழு இடம், பிறகு பகுதி பகுதியாக, அளவுகோலும் எண்ணும் தெரியும்படி. ஒருவர் எழுதியதற்கு இன்னொருவர் பக்கத்திலேயே பதில் ஒட்டியிருப்பார். சாக்கில் அள்ளிப்போட்டால் காகிதம் மிஞ்சும், அந்த உரையாடல் மிஞ்சாது.

நனைந்த தாளில் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சணம் பிடிக்கலாம். கொஞ்சம்தான் என்றால் மை ஒற்றும் தாள்களுக்கு நடுவே வைத்து, மின்விசிறிக் காற்று நேரடியாகப் படாமல் உலர்த்தலாம். நூற்றுக்கணக்கில் இருந்தால் பாலித்தீனில் சுற்றி மைனஸ் 20 டிகிரியில் உறைய வைப்பதே வழி. பிறகு வெற்றிடத்தில் உலர்த்தும்போது பனி நீராகாமல் நேரே ஆவியாகிவிடும். அதனால் ஸ்கெட்ச் பேனா மை மேலும் பரவாது. ஒன்றை மறக்கக் கூடாது: குளிர் பூஞ்சணத்தைத் தூங்க வைக்குமே தவிர, கொல்லாது.

அதிகம் ஏமாற்றுவது பிளாஸ்டிக் உறை. மழைக்குப் பயந்து கடிதத்தை உறையில் போட்டு ஒட்டியிருப்பார்கள். உள்ளே வியர்த்து, திறந்து கிடந்த கடிதத்தைவிட மோசமாகியிருக்கும். உறையை உருவாமல் ஓரத்தில் கத்தரித்துத் திறக்க வேண்டும். மெழுகு சொட்டியிருந்தால் இஸ்திரிப் பெட்டியை எடுக்காதீர்கள். சூட்டில் மெழுகு இழைக்குள் இறங்கி, தாள் எண்ணெய்க் காகிதம் போலாகிவிடும். குளிரவைத்து, மழுங்கிய மெல்லிய தகட்டால் பெயர்த்தால் பெரும்பாலும் வந்துவிடும். துணி பொம்மைகளில் பூச்சி இருக்கலாம். முதலில் நன்றாக உலர்த்தி, காற்றை வெளியேற்றி மூடிய பையில் ஒரு வாரமாவது உறைய வைக்க வேண்டும். வெளியே எடுத்ததும் பையை உடனே பிரித்தால் ஈரம் பொம்மை மேலேயே படியும். ஒரு நாள் பொறுக்க வேண்டும்.

மெழுகுவர்த்திகள் இருந்த இடத்தில், மக்கள் தங்கள் வார்த்தைகளை எழுத, ரென்ஃபே ரயில் நிறுவனம் கணினிகளை வைத்தது. 58,000க்கு மேற்பட்ட செய்திகள் அவற்றில் பதிவாயின. இப்படிப்பட்டவற்றைக் காப்பது சுலபம் என்று நினைப்பது தவறு. அந்த மென்பொருள் மறைந்தபின் படிக்க வேண்டுமானால், ஒவ்வொரு செய்தியையும் தேதி, நேரம், நிலையத்தோடு சாதாரண உரைக் கோப்பாக எடுத்து, மூன்று பிரதிகளை, ஒன்றையாவது வேறு ஊரில், வைத்து, சரிபார்ப்புத் தொகையை (கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் காட்டிக்கொடுக்கும் எண்) ஆண்டுதோறும் ஒப்பிட வேண்டும். வசவுகளையும் நீக்கக் கூடாது; அன்றைய ஊரின் மனநிலை அதிலும் இருக்கிறது. பெயர், தொலைபேசி எண்களை வாசகருக்குக் கொடுக்கும் பிரதியில் மட்டும் மறைத்தால் போதும், மூலத்தில் கை வைக்கக் கூடாது.

2007இல் அத்தோச்சாவில் 11 மீட்டர் உயரக் கண்ணாடி நினைவுச் சின்னம் திறந்தார்கள். மக்களின் வாசகங்கள் அச்சிட்ட மெல்லிய பிளாஸ்டிக் படலம் உள்ளே காற்றழுத்தத்தில்தான் நின்றது. அழுத்தம் குறைந்தபோதெல்லாம் அது தொய்ந்து சரிந்தது. வாசகங்களும் மடிப்புகளுக்குள் போயின.