குப்புறக் கிடக்கும் நாட்கள்

ஜூன் 4

கண் ஆபரேஷன் முடிந்து உள்ளே வாயுக் குமிழி விட்டிருக்கிறார்கள், அதனால் குப்புறத்தான் கிடக்க வேண்டும். குப்புறப் படுத்தபடியே சொல்கிறேன், போன் எழுதிக்கொள்கிறது. பிழை இருந்தால் அது போனின் பிழை. ஐம்பது நிமிடம் குப்புற, பத்து நிமிடம் எழுந்து உட்காரலாம். அந்தப் பத்து நிமிடத்துக்குள் சொட்டு மருந்து, சாப்பாடு, கழிவறை எல்லாம் முடிய வேண்டும்.

ஜூன் 5

பொடியன் மருந்து விட வந்தான். விட்டுவிட்டுப் போகாமல் நின்றான். "மாமா, கண்ணு தெரியாத ரெண்டு பேர் சண்டை போட்டா யாரு ஜெயிப்பா?" கேட்ட பிறகுதான் யாரிடம் கேட்கிறோம் என்று உறைத்திருக்கும். கப்சிப்.

"யாரு யாருடா?" என்றேன் நானே.

அவனுடைய ஆள் டோஃப். அவதார் கார்ட்டூனில் வரும் பன்னிரண்டு வயதுப் பெண், பிறவியிலேயே பார்வை இல்லாதவள். மண்ணையும் கல்லையும் அசைக்கத் தெரியும். பேட்ஜர்மோல் என்கிற குருட்டு விலங்குகளிடம் கற்றுக்கொண்டது. செருப்புப் போட மாட்டாள், உள்ளங்கால் வழியாகத் தரையின் அதிர்வை வாங்கித்தான் 'பார்க்கிறாள்'. என் ஆள் ஜாட்டோயிச்சி. ஜப்பான்காரர், ஊர் ஊராகப் போய் உடம்பு பிடித்துவிட்டுப் பிழைக்கிறவர். கைத்தடிக்குள் வாள். 1962-லிருந்து 26 படங்களில் நடிகர் கட்சு ஷிண்டாரோ இமையை மூடிக்கொண்டு வெட்டித் தள்ளிய மனிதர். டிவியில் வேறு நூறு எபிசோட்.

போன் இச்சியை 'இச்சை' என்றும் டோஃபை 'டூப்பு' என்றும் எழுதியிருந்ததாம். வாசித்துக் காட்டிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். பத்து நிமிடம் தாண்டிப் போய்விட்டது. அக்கா வந்து இருவரையும் திட்டினாள்.

ஜூன் 6

தரை. எல்லாம் தரையில்தான் இருக்கிறது.

கல் தரை என்றால் பேச்சே இல்லை. இச்சி தடியை ஒரு தட்டுத் தட்டினால் போதும். எங்கே நிற்கிறார், எந்தக் காலில் பாரம், மூச்சு எப்படி, எல்லாம் அவளுக்குப் போய்விடும். மணல் என்றால் அவளுக்கே மங்கல், பாலைவனத்தில் தடுமாறினாள். ஆனால் மரம்? மூன்றாவது சீசனில் அவளை ஒரு மரக்கூண்டில் அடைத்தார்கள். அவ்வளவுதான், ஒன்றும் ஓடவில்லை. கூட இருந்தவள் தன் வியர்வையை வைத்துக் கூண்டை அறுத்ததால் வெளியே வந்தாள்.

இச்சி வாழ்ந்ததே சூதாட்ட அறைகளில். மரத்தரை, மேலே கோரைப்பாய். விளக்கை வெட்டி அணைத்துவிட்டால் பிறகு அறையில் இருக்கிற அத்தனை பேரும் குருடர்கள், அவர் ஒருவரைத் தவிர.

பொடியனிடம் சொன்னேன். "அப்ப எடத்தை யாரு முடிவு பண்றது?" என்றான். நியாயமான கேள்வி. நாலு மணி நேரமாக இதே யோசனை.

ஜூன் 7

தூக்கம் இல்லை. கன்னம் மரத்துவிட்டது.

ஜூன் 8

காலையிலேயே வந்து கட்டில் காலை உதைத்து எழுப்பினான். ராத்திரி முழுக்க யோசித்திருக்கிறான்.

"மாமா, மரத்தரையாவே இருக்கட்டும். உங்க ஆளு கையில என்ன இருக்கு? வாள். வாள் எதால செஞ்சது?"

நெஞ்சு ஒரு நிமிடம் நின்றது. மறந்தே போயிருந்தேன். இரண்டாவது சீசன் கடைசியில் அவளை இரும்புப் பெட்டியில் பூட்டுகிறார்கள். இரும்பு என்பதும் மண்ணிலிருந்து வந்ததுதான், உள்ளே மண் துணுக்குகள் மிச்சம் இருக்கின்றன என்று கண்டுபிடித்து, அதைப் பிடித்து இழுத்துப் பெட்டியைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவாள். இச்சி வாளை உருவினால் அது அவர் கையிலேயே கொக்கியாக வளைந்துவிடும்.

சும்மா விட மனசு வரவில்லை. ஜப்பான் வாளுக்கு எஃகை எப்படித் தயார் செய்கிறார்கள் என்று சொன்னேன். பழுக்கக் காய்ச்சி, அடித்து, இரண்டாக மடித்து, மறுபடி அடித்து, மறுபடி மடித்து. ஒவ்வொரு அடிக்கும் கசடு பொறியாகத் தெறித்து வெளியே போகும். அத்தனை மடிப்புக்குப் பிறகு அதில் மண் ஏது? சுத்தமான உலோகம் மண்ணை அசைக்கிறவர்களுக்கு வசப்படாது என்று அவனுடைய கதையிலேயே இருக்கிறது, பின்னால் வந்த தொடரில் பிளாட்டினத்தை யாராலும் அசைக்க முடியவில்லையே.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். "மாமா, எஃகுல கார்பன் இருக்கும்ல?" என்றான்.

இருக்கும். கார்பன் இல்லாவிட்டால் அது எஃகே இல்லை, வெறும் இரும்பு.

"முதல் சீசன்ல நடுக்கடல்ல இரும்புச் சிறை. மண்ணே கிடையாது. அங்க எதை வச்சு சண்டை போட்டாங்க?"

நிலக்கரி. சிறையில் எரிக்க வைத்திருந்த நிலக்கரியைக் காற்றுக்குழாய் வழியாக மேலே கொட்டவைத்து அதை வீசினார்கள். கரி அவர்களுக்கு மண் கணக்குதான். எஃகுக்குள் கரி. முடிந்தது.

பள்ளிக்கூடத்தில் இவன் அறிவியலில் சுமார் என்கிறாள் அக்கா. எனக்கு நம்பிக்கை இல்லை.

ஜூன் 9

கண்ணுக்குள் குமிழியின் வட்டம் அப்படியே இருக்கிறது. தலையை அசைத்தால் ஆடுகிறது. இன்று பார்க்க வந்தவர் "இன்னொரு கண்ணுதான் இருக்கே" என்றார். அந்த இன்னொரு கண்ணின் கதை அவருக்குத் தெரியாது. சொல்லவும் இல்லை.

ஜூன் 10

இச்சி மாதிரி தடவாமல் நடந்து பார்த்தேன். கட்டிலிலிருந்து கழிவறைக்குப் பதினோரு அடி. நேற்று எண்ணி வைத்திருந்தேன். ஏழாவது அடியில் ஸ்டூல். நேற்று அது அங்கே இல்லை. முழங்காலுக்குக் கீழே இப்போது நன்றாகத் தடித்திருக்கிறது. யார் வைத்தது என்று கத்தினேன். அக்கா பதிலுக்கு ஒன்றும் சொல்லவில்லை, ஸ்டூலை எடுத்துப் போகிற சத்தம் மட்டும் கேட்டது. கத்தியிருக்க வேண்டாம்.

வேறு உலகத்து ஆட்களை மோதவிடுவது பொடியன் கண்டுபிடித்த விளையாட்டு இல்லை. 1971-லேயே இச்சிக்கு எதிராக ஹாங்காங் படங்களின் ஒற்றைக்கை வாள்வீரனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அந்தக் கையில்லாதவன் வேஷத்தில் ஹாங்காங் படங்களில் நடித்த அதே வாங் யூவேதான். படம் முழுக்க இருவருக்கும் பகை கிடையாது. ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது, அதனால் வந்த சந்தேகம், கடைசியில் வாள். ஜப்பான் பதிப்பில் ஒற்றைக்கையன் சாகிறான். சீனப் பதிப்பில் முடிவு வேறு, அங்கே அவன்தான் ஜெயிப்பான் என்று ரசிகர்கள் சொல்வதுண்டு. எந்த ஊர்க் கொட்டகையோ அந்த ஊர்க்காரன் ஜெயிக்கிறான். இடத்தை யார் முடிவு பண்ணுவது என்ற பொடியனின் கேள்விக்கு இதுதான் பதில் போல.

டோஃபும் இச்சியும் எந்தப் பாஷையில் பேசிக்கொள்வார்கள்?

ஜூன் 11

ஒன்றும் இல்லை.

ஜூன் 12

அழுத்தம் கூடியிருக்கிறதாம். கண்ணுக்குள் அழுத்தம். புதுச் சொட்டு ஒன்று. எத்தனை நாள் என்று கேட்டேன். "பார்க்கலாம்" என்றார் டாக்டர். பார்க்கலாமாம்.

ஜூன் 13

சண்டை ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது என்று இன்று தோன்றுகிறது.

இச்சி முதலில் உருவுகிற ஆள் இல்லை. குனிந்து, கும்பிட்டு, வழி விடுங்கள் ஐயா என்று கெஞ்சி, கடைசி நொடி வரை தடி தடியாகவேதான் இருக்கும். எதிராளி காலை மாற்றி வைக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் தலைகீழ்ப் பிடியில் வாள் வெளியே வரும், அடுத்த நொடி உள்ளே போய்விடும். டோஃபும் அதே ரகம். பொடியன் இதற்கு 'நியூட்ரல் ஜிங்' என்று பெயர் சொன்னான். பாயவும் கூடாது, பின்வாங்கவும் கூடாது, நின்று கேட்க வேண்டும், சரியான நொடி வரும்போது அடிக்க வேண்டும்.

அப்படியானால் இருவரும் நிற்பார்கள். இவள் அவர் கால் அசையக் காத்திருப்பாள், அவர் இவள் கால் அசையக் காத்திருப்பார். காலை போய் மத்தியானம், சாயங்காலம். அவர் இதயம் துடிப்பது அவள் பாதத்தில் கேட்கும். அவள் மூச்சு அவர் காதில் கேட்கும்.

அப்புறம் இன்னொன்று. பன்னிரண்டு வயதுப் பிள்ளை மேல் இச்சி வாளை ஓங்க மாட்டார். இதைச் சொன்னதும் பொடியனுக்குக் கோபம். "அவளைச் சின்னப் பொண்ணுன்னு நினைச்சவங்க எல்லாம் எங்க கெடக்கறாங்க தெரியுமா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டான்.

ஜூன் 14

சமாதானமாகிவிட்டோம். வாள் வேண்டாம், பகடை.

இது இன்னும் கஷ்டம். இச்சியின் முதல் படத்திலேயே வரும். கிண்ணத்தைக் கவிழ்க்கும்போது பகடை இரண்டும் வெளியே விழுந்துவிடும், குருடனுக்குத் தெரியவில்லை என்று எல்லாரும் கண் முன்னால் தெரிகிற எண்ணுக்கே பணம் கட்டுவார்கள். கட்டி முடித்ததும், "அட, இது இங்கே விழுந்துவிட்டதா" என்று வெளியே கிடந்ததை எடுத்துச் சட்டைக் கைக்குள் போட்டுக்கொள்வார். நிஜப் பகடை கிண்ணத்துக்குள். டோஃப் மட்டும் யோக்கியமா? மூடிக்கு அடியில் கூழாங்கல்லை ஒளித்து ஏமாற்றுகிறவனிடமே கல்லை நகர்த்திக் காசு பறித்தவள். பொய் சொன்னால் நெஞ்சுத் துடிப்பை வைத்துக் கண்டுபிடித்துவிடுவாள். எதிரி நாட்டு இளவரசி அஸுலா ஒருத்தியிடம்தான் அது பலிக்கவில்லை.

இச்சியின் துடிப்பு மாறுமா? மாறாது என்கிறேன் நான். மாறும் என்கிறான் அவன்.

ஜூன் 15

மேலே ஒரு கோடு. தண்ணீர்த் தொட்டியின் விளிம்பு மாதிரி தளும்புகிறது. கோட்டுக்கு மேலே விரற்கடை அகலத்தில் ஜன்னல் கம்பி தெரிந்தது. மூன்று கம்பி. யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 16

பகடையும் ஒரு டம்ளரும் கொண்டுவந்தான். நான் குப்புற, அவன் தரையில். ஒற்றையா இரட்டையா, காதை வைத்துச் சொல்ல வேண்டும். குலுக்கிக் கவிழ்த்தான். டம்ளருக்கு வெளியே ஒன்று விழுந்து இரண்டு முறை துள்ளி நின்ற சத்தம் தெளிவாகக் கேட்டது. கட்டில் விளிம்பிலிருந்து கையைக் கீழே விட்டு அதைத் தடவினேன், மூன்று குழி. அவன் டம்ளரை எடுப்பதற்குள் ஒற்றை என்று சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவன் மூச்சு ஒரு மாதிரி அடங்கியிருந்தது.

"டேய், சட்டைக் கையைக் காட்டு" என்றேன்.

நாளை எட்டரைக்கு மறுபடி அழுத்தம் பார்க்கப் போக வேண்டும்.