கத்திரி வெயிலில் பிள்ளைகளும் கோழியும் தொட்டிச் செடியும்

முழு ஆண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் வீட்டோடு இருக்கத் தொடங்கும் அதே வாரத்தில் கோழிக்கும் செடிக்கும் வேலை கூடிவிடும். கோழி வழக்கத்தைவிட இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும். மாடித் தொட்டிக்கு ஒரு நாள் தண்ணீர் தவறினால் செடி தொங்கிப்போகும். முட்டை பொரிக்க அடையில் உட்கார்ந்த கோழியைத் தினமும் பார்க்க வேண்டும். மல்லிகை வேறு பூத்துத் தள்ளும். மே 4 வாக்கில் தொடங்கி 28 வரை நீளும் கத்திரியில் இதற்கெல்லாம் கிடைப்பது காலை 6 முதல் 8 வரையும் மாலை 5 முதல் 7 வரையும்தான். இந்த நான்கு மணி நேரத்தை யாருக்கு எப்படிப் பங்கு வைக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் கோடை நல்லபடியாகப் போகும்.

பிள்ளைகளிடம் "கொஞ்சம் கூடமாட ஒத்தாசை பண்ணு" என்று பொதுவாகச் சொன்னால் இரண்டு நாளில் ஆர்வம் வடிந்துவிடும். ஒரு வேலையை முழுசாக ஒப்படைத்தால் நிற்கும். நாலைந்து வயதுக்குக் குருவிக்கும் அணிலுக்கும் தண்ணீர்த் தட்டு வைப்பது போதும். தட்டில் நாலு கூழாங்கல் போட்டுவிட்டால் தேனீ மூழ்காது. தினமும் கவிழ்த்துக் கழுவி ஊற்றினால் கொசுப்புழு வைக்காது. ஏழெட்டு வயதுக்கு முட்டை எடுப்பதும் கோழித் தண்ணீரும். பத்து வயதுக்கு மேல் ஒரு வரிசைத் தொட்டி முழுக்க அவர்கள் பொறுப்பு. வாளி, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றுக்கும் மூடி இருக்கட்டும். தவழும் குழந்தைக்கு அரை வாளித் தண்ணீரே ஆபத்து.

முட்டை எடுக்கப் போகும் பிள்ளைக்கு ஒரு குச்சியும் டார்ச்சும் கொடுத்துப் பழக்குங்கள். முட்டைக்கும் எலிக்கும் பாம்பு வரும் காலம் இது. வெயிலுக்குக் குளுமை தேடி கூட்டுக்குள்ளேயே சுருண்டு கிடக்கும். முதலில் வெளிச்சம், பிறகு குச்சியால் வைக்கோலைத் தட்டிப் பார்ப்பது, கடைசியில்தான் கை. தப்பித் தவறிக் கடித்துவிட்டால் கீறவும் வேண்டாம், கயிறு கட்டவும் வேண்டாம். கடிபட்ட கையை ஆட்டாமல் வைத்து 108ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். கோழியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் மாம்பழத்தைத் தொட விடாதீர்கள்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்ளும். தீனி செரிக்கும்போதும் உடம்பில் சூடு பிறக்கும் என்பதால் காலை 7 மணிக்குள் ஒரு தீனி, மாலை 5க்கு மேல் இன்னொன்று, நடுவில் தண்ணீர் மட்டும் போதும். தண்ணீரை மண்சட்டியில், நிழலில், இரண்டு மூன்று இடத்தில் வைக்க வேண்டும். ஒரே சட்டி என்றால் வலுத்த கோழி இளைத்ததை விரட்டிவிடும். தகரக் கூரைக்கு மேல் தென்னங்கீற்று பரப்பினால் உள்ளே சூடு நன்றாகக் குறையும். ஈரச் சாக்கு தொங்கவிடுபவர்கள் காற்று வந்து போகும் பக்கமாகத் தொங்கவிடுங்கள். நாலு பக்கமும் அடைத்து ஈரமாக்கினால் உள்ளே புழுக்கம் ஏறும், கோழி விடும் மூச்சால் சூடு வெளியேறாது, நிலைமை மோசமாகும். இறக்கையை விரித்துக்கொண்டு கண்ணைச் சொருகி நிற்கும் கோழியைத் தூக்கி நிழலில் வைத்து, கால்களை மட்டும் சாதாரணத் தண்ணீரில் நனைத்து, நீர்மோரைச் சிறிது சிறிதாகக் குடிக்க விடலாம். ஐஸ் தண்ணீரை மேலே ஊற்றுவது கூடவே கூடாது.

கோடையில் அடை வைத்தால் பாதி கூமுட்டை ஆகிறது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். இடி இடித்தால் முட்டை கெடும் என்று கூடையில் இரும்பும் கரியும் வரமிளகாயும் போடும் வழக்கமும் பல ஊரில் உண்டு. பெரும்பாலும் முட்டை கெடுவது அதற்கும் முன்னால், சேர்த்து வைத்த இடத்தில். 27 டிகிரியைத் தாண்டினாலே கரு அரைகுறையாக வளரத் தொடங்கி, போதிய சூடு இல்லாமல் செத்துவிடும். மே மாதத்தில் அடுக்களை அலமாரி 35ஐத் தொடும். அதனால் இட்ட முட்டையை அன்றன்றே எடுத்து, ஈர மணல் நிரப்பிய அகலச் சட்டியின் மேல் ஒரு சின்ன மண்பானையை வைத்து, அதற்குள் கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்குங்கள். மணலில் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தால் போதும். ஐந்து நாளுக்கு மேல் சேர்த்த முட்டையைக் கோடையில் அடைக்கு வைக்காமல் சமைத்துவிடலாம்.

ஒரு நாட்டுக்கோழிக்கு 10 முதல் 12 முட்டை. அகலக் கூடையில் மூன்று விரல் உயரம் ஆற்று மணல், அதன்மேல் வைக்கோல். இடம் வீட்டின் குளிர்ந்த மூலையாக, பிள்ளைகள் ஓடும் வழியில் இல்லாமல் இருக்க வேண்டும். தீனியும் தண்ணீரும் நாலடி தள்ளி. கோழி நாளுக்கு ஒருமுறை இறங்கிக் கால் மணி, இருபது நிமிடம் உலாத்திவிட்டு வரும். அப்போது சாம்பலும் மணலும் கலந்த குழியில் புரண்டால் பேன் பிடிக்காது. பேன் ஏறிய கோழி அடையில் நிலைக்காது.

ஏழாம் நாள் இரவு பிள்ளைகளைக் கூப்பிட்டு விளக்கை அணையுங்கள். செல்போன் டார்ச்சின் மேல் முட்டையின் அகன்ற பக்கத்தை வைத்தால் உள்ளே தெரியும். சிலந்தி வலை மாதிரி சிவப்பு நரம்புகள் பரவி, நடுவில் கரும்புள்ளி ஒன்று லேசாக அசைந்தால் உயிர் இருக்கிறது. ஒன்றுமே இல்லாமல் மஞ்சளாக வெளிச்சம் ஊடுருவினால் கருப்பிடிக்காத முட்டை. நரம்பு இல்லாமல் சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கரு செத்துவிட்டது. இந்த இரண்டையும் எடுத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் வெயிலுக்கு அழுகி வெடித்து மற்ற முட்டைகளையும் கெடுக்கும். ஒரு முட்டைக்கு அரை நிமிடம் போதும். 14ஆம் நாள் இன்னொரு முறை பார்க்கலாம். 18ஆம் நாளுக்கு மேல் யாரும் தொடக் கூடாது. 21ஆம் நாள் ஓடு விரியும்போது பிள்ளைகளுக்குக் கை துறுதுறுக்கும். ஓட்டை உரித்து விட்டால் உள்சவ்வில் இருக்கும் ரத்தக் குழாய் கிழிந்து குஞ்சு செத்துப்போகும் என்று முதல் நாளே சொல்லி வையுங்கள்.

குஞ்சுகளுக்குத் தட்டையான தட்டில் கூழாங்கல் பரப்பித் தண்ணீர், குருணை, பகலில் கவிழ்த்து மூட பஞ்சாரம் என்னும் பெரிய கூடை. காக்கையும் கீரியும் பூனையும் காத்துக்கொண்டிருக்கும். ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து விட்டே ஆக வேண்டும். கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். ஐஸ் வைத்த குடுவையில் கொண்டுவந்து, கலக்கியதும் தாமதிக்காமல் விட்டு முடிக்க வேண்டும். வெயிலில் கொண்டுவந்த மருந்து வீண். எட்டாவது வாரம் அதே நோய்க்கு ஊசி.

செடிக்கு வருவோம். மாடியில் வெயிலில் கிடக்கும் குழாயைத் திறந்ததும் முதலில் வருவது கொதிநீர். அதை வாளியில் பிடித்து வைத்துவிட்டுப் பிறகு செடிக்குக் காட்டுங்கள். மதியம் இலை தொங்கினால் உடனே ஊற்றாமல், விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் மாலையில் தானாக நிமிர்ந்துவிடும். ஈரத்தோடு மேலும் ஊற்றிக்கொண்டே போனால் வேர் அழுகும். கோடையில் நிறையச் செடி போவது இப்படித்தான்.

தென்னை நார்க்கழிவு அதிகம் கலந்த மண் ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்காது. ஊற்றியது தொட்டியின் ஓரமாக இறங்கி அடியில் ஓடிவிடும், நாமும் நனைந்துவிட்டது என்று நினைப்போம். அப்படிப்பட்ட தொட்டியை அகலப் பாத்திரத் தண்ணீரில் இருபது நிமிடம் உட்கார வைத்தால் அடியிலிருந்து ஊறும். நிழல்வலை 50 சதவீதம், அதாவது பாதி வெயிலை மறைப்பது, போதும். அதைவிட அடர்த்தி என்றால் வெண்டையும் கொத்தவரையும் கொடியாக நீண்டு காய்க்காது. வலை ஏழடி உயரத்தில் இருந்தால்தான் சூடான காற்று வெளியேறும். மேற்குப் பக்கமும் ஒரு தட்டி மறைப்பு வேண்டும். மண்ணின் ஈரம் காயாமல் மேலே பரப்பும் மூடாக்குக்குக் காய்ந்த இலை இரண்டு அங்குலம், தண்டை விட்டு இரண்டு விரல் தள்ளி. அதைக் கிளறும்போது பிள்ளைகள் கையில் களைக்கொத்து இருக்கட்டும், பூரானும் தேளும் அங்கேதான் ஒதுங்கும்.

தரையில் நட்ட மரக்கன்றுக்குப் பானைப் பாசனத்தை மிஞ்ச ஒன்றுமில்லை. வண்ணம் பூசாத ஐந்து லிட்டர் பானையைக் கழுத்து வரை புதைத்து, அரை அடி தள்ளிக் கன்று, வாயில் மூடி. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். உப்பு மிகுந்த போர் தண்ணீர் என்றால் ஒரு கோடையில் பானையின் துளைகள் அடைத்துக்கொள்ளும். தோண்டி எடுத்துத் தேங்காய் நாரால் அழுந்தத் தேய்த்துக் காயவைக்க வேண்டும். தக்காளி பூ உதிர்ந்தால் மருந்து தேட வேண்டாம். 35 டிகிரிக்கு மேல் பிஞ்சு பிடிக்காது, மழை வந்ததும் சரியாகும். மாவுப்பூச்சிக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய். சோப்புக் கரைசலில் எண்ணெயை முதலில் குழைத்துவிட்டுத் தண்ணீர் சேர்த்தால்தான் கலக்கும். மாலையில் மட்டும் தெளியுங்கள், பகலில் தெளித்தால் இலை கருகும்.

கோழியும் தோட்டமும் ஒரே இடத்தில் என்றால் நாற்றங்காலைச் சுற்றி நாலடி வலை கட்டாயம். பச்சைக் கோழி எருவைத் தொட்டியில் போட்டால் வேர் வெந்துவிடும், மூன்று மாதமாவது மக்க வேண்டும்.

வெயில் உச்சியில் பிள்ளைகளை உள்ளே வைத்துக்கொள்ள விதை வேலை இருக்கிறது. முற்றிய வெண்டை, பாகல், அவரை விதைகளைப் பிரித்து, நிழலில் காயவைத்து, சாம்பல் புரட்டிப் புட்டியில் போடுவது. போன வருட விதையென்றால் 20 எடுத்து ஈரத் துணியில் சுருட்டி வைத்து, ஒரு வாரத்தில் 15க்கு மேல் முளைத்தால் ஆடிப் பட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பத்துக்குக் கீழே என்றால் புது விதை தேட வேண்டும். எண்ணுவதும் நோட்டில் எழுதுவதும் பிள்ளைகள் பாடு.

மே கடைசி வாரத்தில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டுவிடுங்கள். ஜூனில் பள்ளி திறந்தால் காலையில் பிள்ளைகளுக்கு இருபது நிமிடம்தான் மிஞ்சும். அதற்குள் எத்தனை தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற முடியுமோ அத்தனையை அவர்களிடம் விடுங்கள். முட்டை எடுப்பது மாலைக்கு மாறட்டும். மற்ற வேலையைப் பெரியவர்கள் பெயர் போட்டு எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டுங்கள். பள்ளி திறக்கும் முன்பே மூன்று நான்கு நாள் அதே நேரத்தில் ஓட்டிப் பார்த்தால் எது விடுபடுகிறது என்று தெரிந்துவிடும்.