சிலிண்டர் சத்தம்

சித்தப்பா டெரிடோரியல் ஆர்மியில் இருக்கிறார்; வேறு வேலை பார்த்துக்கொண்டே, கூப்பிடும்போது போகும் பகுதிநேர ராணுவம் அது. காஷ்மீரிலிருந்து பெரம்பூர் வீட்டுக்கு வந்து நாலு மாதம். நேற்று கேஸ் போடுபவர் சிலிண்டரை மாடிப்படியில் 'ணங்'கென்று இறக்கினார். சித்தப்பா சுவரோடு ஒட்டி உட்கார்ந்துவிட்டார். டபரா காபி முழுக்க வேட்டியில். சித்தி ஒன்றும் கேட்காமல் துடைத்தார். பழகிவிட்டது போல. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

முழுநேரப் படைவீரருக்குப் பக்கத்துக் கட்டிலிலேயே புரிந்துகொள்ள ஒருவர் இருப்பார். இவருக்கு மறுவாரமே பழைய ஆபீஸ், பழைய நாற்காலி. அங்கே யாரிடம் சொல்வார்?

அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1980-லேயே இதை பி.டி.எஸ்.டி., அதாவது பெரும் அதிர்ச்சிக்குப் பின் வரும் மனப் பாதிப்பு, என்று வகைப்படுத்திவிட்டார்கள். கோழைத்தனம் இல்லை இது. சிகிச்சை உண்டு.

அரசின் மனநல உதவி போன் சேவை டெலி மானஸ், 14416. இலவசம், தமிழிலேயே பேசலாம். இன்று ராத்திரி சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து நானே போன் போட்டுத் தரப் போகிறேன்.