மீனோடு வருகிற பஃபினுக்கு வழி விடுங்கள்

வேல்ஸ் கடலோரத்து ஸ்கோமர் தீவில் எடுத்த பஃபின் என்ற கடற்பறவையின் படங்களைக் காட்டும்போதெல்லாம் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "பஃபின் குஞ்சு எங்கே?" பகலில் போய்த் திரும்புகிறவர்களுக்கு அது கண்ணில் படுவதே அபூர்வம். பஃபின் மண்ணுக்குள் வளை தோண்டி ஒரே ஒரு முட்டை இடும். ஆறு வாரம்போல அந்த இருட்டில் வளர்கிற குஞ்சு, ஓர் இரவில் தன்னந்தனியாகக் கடலுக்குப் போய்விடும்.

அதனால் என் கேமரா தேடுவது அலகு நிறைய மீனோடு வரும் தாயையோ தகப்பனையோதான். மீன் வருகிறதென்றால் உள்ளே குஞ்சு இருக்கிறது. நாக்கிலும் மேலண்ணத்திலும் பின்னோக்கி வளைந்த முட்கள் இருப்பதால், பிடித்த மீன் நழுவாமலே அடுத்ததையும் கவ்வ அதால் முடிகிறது.

வேல்ஸின் பெம்புரோக்‌ஷையரில், மார்ட்டின்ஸ் ஹேவனிலிருந்து படகு. எலி ஒன்றுகூட இல்லாத தீவு அது; அதனால்தான் இத்தனை பறவைகள். படகேறுமுன் பையில் எலி ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று திறந்து பார்த்துவிடுங்கள். தீவில் இறங்கியதும் 87 படி. நான் ஜூன் கடைசியில் போவேன், நேராக 'விக்' என்ற பாறைச் சரிவுப் பக்கம். அங்கே பாதையை ஒட்டியே வளைகள். பஃபின்கள் நம் காலடியிலேயே குறுக்கே ஓடும். மண்டியிட்டு, அதன் கண் மட்டத்துக்குக் கேமராவை இறக்குங்கள். வெயிலில் வெள்ளை மார்பு வெளுத்துப்போகும், எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். பறக்கும்போது எடுக்க ஷட்டர் வேகம் 1/2500 நொடி வேண்டும்.

ஆனால் ஒன்று. மீனைப் பிடுங்கக் கடற்காகங்கள் (gull) சுற்றிலும் காத்திருக்கும். பஃபின் இறங்கிய வேகத்தில் வளைக்குள் புகுந்தாக வேண்டும். அந்த நேரம் பார்த்து நாலைந்து பேர் லென்ஸை நீட்டி வழியை மறித்தால், அது தயங்கி நிற்கும். கடற்காகம் வந்து தட்டிப் பறித்துவிடும். குஞ்சுக்கு அந்த வேளைச் சாப்பாடு போச்சு. இதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் பொங்கும். ஒதுங்கி நின்று பக்கவாட்டில் எடுத்தாலும் படம் நன்றாகவே வரும். பாதையை விட்டு ஓரடியும் இறங்கக் கூடாது. புல்லுக்கு அடியில் மேங்க்ஸ் ஷியர்வாட்டர் என்ற கடற்பறவைகளின் வளைகளும் உண்டு, சுமார் மூன்றரை லட்சம் ஜோடிகள். மிதித்தால் கூரை இடிந்து உள்ளே இருப்பது நசுங்கும்.

குஞ்சுதான் வேண்டுமென்றால் எதிரே உள்ள பாறைச் சுவரில் கில்லிமாட் என்ற கடற்பறவைகளைத் தேடுங்கள். மூன்று வாரக் குஞ்சு, பறக்கத் தெரியாமலே, கீழே கடலில் நின்று கூப்பிடும் தகப்பனை நோக்கிக் குதித்துவிடும். அது பெரும்பாலும் அந்தி மங்கும்போதுதான் நடக்கும், கடைசிப் படகு போன பிறகு. பகலில் விளிம்பில் ஒண்டியிருக்கும் குஞ்சை எடுக்கவே 600 மி.மீ. லென்ஸ் தேவைப்படும்.