மெக்லேன் கவுண்டியின் பழைய நீதிமன்றம்

இல்லினாய் மாநிலத்தின் நடுவில், சிகாகோவுக்கும் செயின்ட் லூயிஸுக்கும் இடைப்பட்ட சமவெளியில் மெக்லேன் கவுண்டி இருக்கிறது. நம் மாவட்டத்தைப் போன்ற நிர்வாகப் பிரிவு. அம்மாநிலத்தின் 102 கவுண்டிகளில் பரப்பளவால் இதுவே பெரியது. அதன் தலைமையிடமான புளூமிங்டனின் நடுச் சதுக்கத்தில் குவிமாடத்தோடு நிற்கும் பழைய நீதிமன்றக் கட்டடம்தான் இப்போது கவுண்டியின் வரலாற்று அருங்காட்சியகம். ஸ்டேட் ஃபார்ம் என்ற காப்பீட்டு நிறுவனத்தின் கணினிப் பணிகளை நம்பி இங்கே குடியேறிய தமிழர்களில் பலர், ஆபிரகாம் லிங்கன் பெயரைச் சொல்லி நான்கு பழைய நாற்காலிகளை வைத்திருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டு அதைக் கடந்து போய்விடுகிறோம். உள்ளே இருப்பது வேறு. ஓர் ஊர் எதைச் செய்து பிழைத்தது, யாரோடு யார் எதற்காகச் சண்டையிட்டார்கள் என்பதை ஒளிவு மறைவின்றிச் சொல்லும் இடம் அது. சண்டைகளைத் தீர்ப்பதற்கென்றே கட்டப்பட்ட வீட்டில் அது அமைந்திருப்பதும் பொருத்தமாகவே இருக்கிறது.

கட்டடத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1900 ஜூன் 19ஆம் நாள் அதிகாலையில் பரவிய பெருந்தீ நகரின் வணிகப் பகுதியில் பெரும்பங்கை அழித்தபோது, முன்பிருந்த நீதிமன்றமும் எரிந்துபோனது. அதே சதுக்கத்தில் எழுப்பப்பட்ட இன்றைய கட்டடம் 1903இல் முடிந்தது. 1892 முதல் பொருள்களைச் சேர்த்துவந்த கவுண்டி வரலாற்றுக் கழகம், நீதிமன்றம் வேறிடத்துக்குப் போன பிறகு, 1991இல் இதை அருங்காட்சியகமாக்கிக்கொண்டது.

காட்சிக்கூடங்கள் அரசர் வரிசைப்படியோ போர் வரிசைப்படியோ பிரிக்கப்படவில்லை. குடியேறி வீடமைத்தல், மக்காச்சோள வேளாண்மை, பிழைப்புக்கான உழைப்பு, ஊருக்குள் எழுந்த பூசல்கள் என்று வாழ்க்கையின் பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். லிங்கனுக்கு ஒரு தனிக்கூடம். வேளாண்மைக் கூடத்துக்குள் செல்லும்போது ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது: நெடுஞ்சாலையின் இருபுறமும் இன்று கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெரியும் மக்காச்சோளமும் சோயாவும் இந்நிலத்தின் இயல்பான முகமல்ல. இருநூறு ஆண்டுகளுக்கு முன் இது ஆளுயரப் புல்வெளி. கிக்கப்பூ என்ற பூர்வகுடி மக்களின் வாழ்நிலம். 1819இல் போடப்பட்ட ஒப்பந்தத்தின்படி அவர்கள் இந்நிலத்தை அமெரிக்க அரசுக்கு விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே பெயர்ந்து போனார்கள். இன்று அவர்களுடைய வழிவந்தோர் கான்சஸ், ஓக்லஹோமா, டெக்சஸ் மாநிலங்களிலும் மெக்சிகோவிலும் வாழ்கிறார்கள்.

1822 முதல் வந்த வெள்ளைக் குடியேறிகள் புல்வெளியைக் கண்டு அஞ்சினார்கள். மரம் முளைக்காத மண் விளைச்சலுக்கு உதவாது என்ற எண்ணத்தாலும், வீட்டுக்கும் வேலிக்கும் விறகுக்கும் மரம் தேவைப்பட்டதாலும், தோப்புகளின் ஓரத்திலேயே ஒட்டிக்கொண்டார்கள். புல்வேர் பின்னிய கரிய மண் வார்ப்பிரும்புக் கலப்பையில் அப்பிக்கொண்டு உழவிடாது. இதே மாநிலத்தில் 1837இல் ஜான் டியர் செய்த எஃகுக் கலப்பை அந்தத் தடையை நீக்கியது. அதற்குப் பிறகும் தாழ்ந்த பகுதிகளில் தண்ணீர் தேங்கி நின்றது. சுட்ட களிமண் குழாய்களை வயலுக்கடியில் வரிசையாகப் புதைத்து நீரை ஓடைகளுக்கு வடித்த பின்னரே சதுப்பாய்க் கிடந்த இடங்களெல்லாம் கழனிகளாயின. கலப்பைக்குக் கிடைத்த புகழில் ஒரு சிறு பங்கும் இந்தக் குழாய்களுக்குக் கிடைக்கவில்லை. இந்த வட்டாரத்தின் செல்வத்துக்கு அவையே அதிகம் காரணம் என்பது என் எண்ணம். பிறகு 1901இல் தொடங்கப்பட்ட ஃபங்க் சகோதரர்களின் விதை நிறுவனம், கலப்பின மக்காச்சோள விதையால் புளூமிங்டனின் பெயரை நாடெங்கும் கொண்டு சென்றது. இதற்குக் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். இல்லினாயில் ஒருகாலத்தில் ஏறத்தாழ 2.2 கோடி ஏக்கர் பரவியிருந்த புல்வெளியில், உழுபடாமல் மிஞ்சியது பத்தாயிரத்தில் ஏறத்தாழ ஒரு பங்குதான்.

உழைப்பைப் பற்றிய கூடத்தின் நாயகன் ரயில். நகரின் மேற்குப் பகுதியில் இருந்த சிகாகோ–ஆல்டன் ரயில் பட்டறைகள் அயர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்தவர்களுக்குத் தலைமுறைகளாகச் சோறு போட்டன. ஜார்ஜ் புல்மன் 1859இல் இரண்டு சாதாரணப் பெட்டிகளைப் படுக்கைப் பெட்டிகளாக மாற்றியது இங்கேதான். முதல் பயணத்தில் ஏறியவர்கள் பூட்ஸைக் கழற்றாமலே படுக்கையில் ஏறப் பார்த்ததால், கழற்றுங்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது என்று அப்பெட்டியின் நடத்துநர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். வேடிக்கையான செய்தி இது. அறுபது ஆண்டுகளுக்குப் பின் அதே பட்டறைகளில் நடந்தது வேடிக்கையல்ல. கூலிக் குறைப்பை எதிர்த்து 1922 ஜூலை 1 அன்று நாடு முழுவதும் ஏறக்குறைய நான்கு லட்சம் ரயில் பட்டறைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். புளூமிங்டனுக்குப் படை அனுப்பப்பட்டது. போராட்டம் தோற்றது. பட்டறைகளின் பழைய செல்வாக்கும் காலப்போக்கில் தேய்ந்தது. அந்த வேலைநிறுத்தத்துக்குச் சில வாரங்கள் முன்பு, அதே ஆண்டு ஜூன் மாதத்தில்தான், ஜார்ஜ் மெச்செர்லி என்ற ஓய்வுபெற்ற விவசாயி, உழவர்களின் கார்களுக்குக் குறைந்த கட்டணத்தில் காப்பீடு தருவதற்காக ஸ்டேட் ஃபார்ம் நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். ஒரே கோடையில் ஊரின் பழைய பிழைப்பு ஆட்டங்கண்டது, புதிய பிழைப்பு பிறந்தது. அன்று யாருக்கும் அது தெரிந்திருக்க நியாயமில்லை. நம்மவர்கள் இங்கே வந்து சேர்ந்ததன் வேர் அந்தக் கோடையில் இருக்கிறது.

இனி லிங்கன். ஸ்பிரிங்ஃபீல்டில் வாழ்ந்த அவர், எட்டாவது நீதிச் சுற்றின் (நீதிபதியும் வழக்கறிஞர்களும் ஊர் ஊராகச் சென்று வழக்கு நடத்திய வட்டாரத்தின்) வழக்கறிஞராகக் குதிரையிலும் வண்டியிலும் புளூமிங்டனுக்குத் திரும்பத் திரும்ப வந்தவர். நீதிபதி டேவிட் டேவிஸ், ஜெஸ்ஸி ஃபெல் போன்ற நண்பர்கள் இங்கே அவருக்கு வாய்த்தார்கள். கூடத்தில் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது அவருடைய பெருமைகளல்ல, இல்லினாய் சென்ட்ரல் ரயில்வேக்கும் மெக்லேன் கவுண்டிக்கும் நடந்த வரி வழக்கு. தன் எல்லைக்குள் இருந்த ரயில்வேயின் சொத்துக்குக் கவுண்டி வரி கேட்டது. மாநிலம் தந்த சாசனம் தனக்கு விலக்களிக்கிறது என்றது ரயில்வே. இதே சிக்கலில் இருந்த அண்டைக் கவுண்டி ஒன்று முதலில் அணுகியிருந்ததால், தம்மை அமர்த்திக்கொள்ள விருப்பமா என்று 1853இல் அதன் அதிகாரிகளுக்கு எழுதிக் கேட்ட பிறகே லிங்கன் ரயில்வேயின் பக்கம் சேர்ந்தார். 1856இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் அவர் தரப்பு வென்றது. அதற்கு அவர் கேட்ட 5,000 டாலர் கட்டணத்தை ரயில்வே தர மறுத்தபோது, 1857இல் புளூமிங்டன் நீதிமன்றத்திலேயே தம் கட்சிக்காரரான ரயில்வே மீது லிங்கன் வழக்குத் தொடுத்தார். நீதிபதியாக இருந்தவர் நண்பர் டேவிஸ். முன்பணம் போக 4,800 டாலர் தீர்ப்பாயிற்று. அவருடைய வாழ்நாளின் மிகப் பெரிய வழக்குக் கட்டணம் அதுதான். தன்னைத் தோற்கடித்த வழக்கறிஞருக்கு இந்தக் கவுண்டி கூடம் அமைத்திருக்கிறது. அந்த வழக்கில் நியாயம் கவுண்டியின் பக்கமே என்று எனக்குப் படுகிறது, சட்டம் ரயில்வேயின் பக்கம் இருந்தாலும்.

1856 மே 29 அன்று இவ்வூர் மேஜர்ஸ் ஹாலில் அடிமைமுறைப் பரவலை எதிர்த்து லிங்கன் ஆற்றிய உரையின் முழுப் பிரதி எங்கும் இல்லை. அந்த மாநாட்டில்தான் இல்லினாயின் குடியரசுக் கட்சி உருக்கொண்டது. செய்தியாளர்கள் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு மெய்மறந்து கேட்டார்கள் என்பது கதை. அடிமைமுறைக்கு அனுதாபம் மிகுந்த தெற்கு இல்லினாயில் வாக்கு இழக்க வேண்டாம் என்று உரையை வேண்டுமென்றே வெளியிடாமல் விட்டுவிட்டார்கள் என்று கருதும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. எனக்குப் பின்னதே நம்பக்கூடியதாகத் தோன்றுகிறது.

முதல்முறை போகிறவர்கள் லிங்கனிலிருந்து தொடங்காமல் வேளாண்மைக் கூடத்திலிருந்து தொடங்கி, உழைப்பைப் பார்த்துவிட்டு, கடைசியில் லிங்கனிடம் வரலாம். ரயில்வே இந்நிலத்துக்கு எவ்வளவு பெரிய சக்தி என்பது தெரிந்த பிறகுதான் ஒரு கவுண்டி அதனிடம் வரி கேட்ட துணிச்சலின் அளவு விளங்குகிறது.